எக்செல் ஷீட்டில் இல்லாத நாள்: சிங்கப்பூரில் அமுச்சி, அம்மா, நான்!

எங்கள் சிங்கப்பூர் பயணத்துக்கு மாமா ஓர் எக்செல் ஷீட் போட்டிருந்தார். ஐந்து நாள், ஐந்து கலர். எத்தனை மணிக்கு எழ வேண்டும், எந்த ஸ்டேஷனில் ரயில் ஏற வேண்டும், மதியச் சாப்பாட்டுக்கு எத்தனை நிமிடம் என்பதுவரை அதில் உண்டு. நான்காம் நாள் கட்டத்தில் 'யுனிவர்சல் ஸ்டூடியோஸ் - முழு நாள்' என்று சிவப்பில் இருந்தது. அன்றைக்கு நானும் அம்மாவும் அமுச்சியும் அங்கே போகவில்லை. வேறு எங்கே போவது என்றும் திட்டமில்லை. ஊர் திரும்பிய பிறகு யார் "டூர் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாலும், எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த நாள்தான்.

அம்மாவைப் பெற்றவரை எங்கள் பக்கம் அமுச்சி என்போம். அமுச்சிக்கு 78 வயது. அன்னூர் பக்கம் தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறார். இரண்டு மாடு, கொஞ்சம் தென்னை, வாசலில் ஒரு வேம்பு. அப்புச்சி இறந்து ஆறு வருடம் ஆகிறது. "கோயமுத்தூருக்கு வந்து எங்களோட இரும்மா" என்று அம்மாவும், "என்ற வீட்டுக்கு வா" என்று மாமாவும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். "மாட்டை யாரு பாக்கறது?" என்பதுதான் எப்போதும் பதில். ஐந்து நாள் வெளிநாடு வரச் சம்மதிக்க வைக்கவே, பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து "மாட்டை நான் பாத்துக்கறனுங்க" என்று நேரில் வாக்குக் கொடுக்க வேண்டியிருந்தது.

அமுச்சி, அம்மா, அப்பா, நான், மாமா, அத்தை, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள் என எட்டுப் பேர் கிளம்பினோம். கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருப்பது வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்களுக்குப் பெரிய நிம்மதி. நான்கு, நான்கரை மணி நேரம்தான். ரயிலில் சென்னைக்குப் போக இதைவிட அதிக நேரமாகும். கிளம்பும் முன்பு அம்மா, அமுச்சியின் பையைச் சோதனை போட்டு இரண்டு பொருட்களை வெளியே எடுத்தார். ஒன்று, வெற்றிலையோடு போடும் பொயலை. இன்னொன்று, கசகசா சேர்த்து அரைத்த குருமாப் பொடி. இரண்டுக்குமே சிங்கப்பூரில் தடை. பொடி போனதற்குக்கூட அமுச்சி ஒன்றும் சொல்லவில்லை. பொயலை போனதற்குத்தான் விமானம் ஏறும்வரை முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

ஏர்போர்ட்டில் வீல்சேர் கேட்கலாமா என்றதற்கு, "அதுல உக்காந்தா நம்மளச் சீக்காளின்னு நெனைச்சுப்போடுவாங்க. எனக்கு வேண்டாம்" என்று முடித்துவிட்டார். மூட்டு வலியோடு மூன்று நாள் எங்கள் கூடவே நடந்தார். நாங்களும் "பாரு, அமுச்சிக்கு என்ன தெம்பு!" என்று பெருமையாக வீடியோ எடுத்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் நாள் செந்தோசாவில் நல்ல வெயில். மாலை நான்கு மணி இருக்கும். நடந்துகொண்டிருந்த அமுச்சி சட்டென்று என் தோளைப் பிடித்தார். முகமெல்லாம் வெளுத்து, கண் செருகியது. தாங்கிப் பிடித்து நிழலில் பெஞ்சில் உட்கார வைத்தோம். அம்மாவின் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. கோவையில் இருக்கும் எங்கள் குடும்ப டாக்டரை மாமா வாட்ஸ்அப்பில் பிடித்தார். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "காலைல இருந்து எவ்வளவு தண்ணி குடிச்சாங்க?"

யாருக்கும் தெரியவில்லை. எக்செல் ஷீட்டில் அதற்குக் கட்டம் இல்லை. கடைசியில் அமுச்சியே மெதுவாகச் சொன்னார், "ரெண்டு மடக்கு."

ஏன் என்று அம்மா கேட்க, அமுச்சி யார் முகத்தையும் பார்க்காமல் பேசினார். "குடிச்சா அடிக்கடி பாத்ரூம் போகோணும். ஒவ்வொருக்காவும் உங்களையெல்லாம் நிறுத்தறதா? சில எடத்துல தண்ணிக் குழாயே இல்ல, பேப்பர்தான் வெச்சிருக்கறான். உக்காந்தா எந்திரிக்கவும் முடியறதில்ல." மூன்று நாளாக இதுதான் நடந்திருக்கிறது. எட்டுப் பேரில் ஒருவரும் கவனிக்கவில்லை. ஊருக்கு வந்து ஆபீஸில் இதைச் சொன்னபோது, "எங்க பாட்டியும் பஸ்ஸுல போனா இப்படித்தான்" என்று நாலு பேர் சொன்னார்கள். நீங்களும் உங்கள் வீட்டில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

தண்ணீர் குடித்து, அரை மணி நேரம் உட்கார்ந்ததும் அமுச்சி தெளிந்துவிட்டார். டாக்டரும் மறுநாள் ஓய்வெடுத்தால் போதும் என்றார். ஆனால், அன்று இரவு ஹோட்டல் அறையில் பெரிய பஞ்சாயத்து. யுனிவர்சல் டிக்கெட் ஆளுக்கு 80 டாலருக்கு மேல். தேதி போட்டு வாங்கியது. "எல்லாருமே போக வேண்டாம்" என்றார் மாமா. பிள்ளைகள் கண்ணில் தண்ணீர். "கொழந்தைங்கள ஏமாத்தாதீங்க, பாவம்" என்றார் அமுச்சி. முடிவில் அப்பாவும் மாமா குடும்பமும் போவது, அம்மா அமுச்சியோடு இருப்பது என்றானது. நானும் இருக்கிறேன் என்றேன். ரோலர் கோஸ்டர் ஆசை எனக்கும் இருந்தது. ஆனால், செந்தோசாவில் என் தோளைப் பிடித்த அந்தக் கையின் பிடி இன்னும் விடவில்லை.

ஊரில் அமுச்சி விழிப்பது காலை நாலரைக்கு. இந்தியாவைவிடச் சிங்கப்பூர் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. எனவே, அமுச்சியின் நாலரை அங்கே ஏழு. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் அங்கே வருடம் முழுக்கக் காலை ஏழு மணியை ஒட்டித்தான் சூரியன் வருகிறது. ஏழு மணி அடித்து, வெளியே இன்னும் மங்கலாக இருந்ததைப் பார்த்துவிட்டு, "இந்த ஊரு நம்ம தோட்டத்து நேரத்துக்குத்தான் எந்திரிக்குது கண்ணு" என்றார் அமுச்சி.

அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பாமல் நாங்கள் இருவரும் கிளம்பினோம். எங்கள் ஹோட்டல் சிராங்கூன் சாலைப் பக்கம். அங்கிருந்து தேக்கா சந்தை நடக்கும் தூரம்தான். சீனர்களின் ஹொக்கியன் பேச்சில் 'மூங்கிலின் அடி' என்ற பொருள் வரும் சொல்தான் தேக்காவாகியிருக்கிறது. கீழே காய்கறி, மீன், இறைச்சி. பக்கத்திலேயே சாப்பாட்டுக் கடைகள். டூரிஸ்ட் லிஸ்ட்டில் இதற்குப் பத்து நிமிடம்தான் போட்டிருப்பார்கள். எங்களுக்கு இரண்டு மணி நேரம் ஆனது.

முருங்கைக்காய், வாழைப்பூ, கறிவேப்பிலை, பாகற்காய் என்று ஒவ்வொன்றையும் அமுச்சி கையில் எடுத்துப் பார்த்தார். விலையைக் கேட்டு, 65-ஆல் பெருக்கி ரூபாயில் சொல்வது என் வேலை. ஒவ்வொரு முறையும் நெஞ்சில் கை வைத்தார். "நம்ம வேலில காய்ச்சுத் தொங்கற முருங்கைக்காய்க்கா இந்த வெலை?" காய்கறிக் கடைக்காரர் சிரித்துக்கொண்டே "கோயம்புத்தூர்ங்களா?" என்றார். எப்படித் தெரியும் என்றேன். "அவங்க கேட்டதுலயே தெரிஞ்சுபோச்சு" என்றார். அவர் தஞ்சாவூர்ப் பக்கம். வெற்றிலைக் கட்டு ஒன்றை அமுச்சி கையில் வைத்து, காசு வாங்க மறுத்தார். பொயலை இல்லாத வெற்றிலை. அமுச்சி போட்டுக்கொண்டார். துப்பினால் அபராதம் என்று நான் பயமுறுத்தி வைத்திருந்ததால், டிஷ்யூ பேப்பரைக் கையிலேயே வைத்திருந்தார்.

சாப்பாட்டுக் கடையில் 'புட்டு மாயம்' என்று போட்டிருந்தது. வாங்கிப் பார்த்தால் இடியாப்பம். மேலே தேங்காய்த் துருவலும், பழுப்புச் சர்க்கரையும். அமுச்சி ஒரு வாய் வைத்துவிட்டு யோசித்தார். "நம்ம சந்தகையாட்டத்தான் இருக்குது. ஆனா, மாவு பச்சரிசி." கொங்கு வீடுகளில் சந்தகைக்குப் புழுங்கலரிசியை ஊறவைத்து ஆட்டி, வேகவைத்து, பிறகுதான் பிழிவோம். இங்கே பிழிந்த பிறகு வேகவைக்கிறார்கள். இந்த வித்தியாசத்தை ஒரே வாயில் கண்டுபிடித்த அமுச்சிக்கு ஏதாவது டி.வி. சேனலில் நடுவர் வேலை கொடுக்கலாம். கூடவே 'கோப்பி'. சர்க்கரையும் வெண்ணெய் வகையும் சேர்த்துக் கருக வறுத்த கொட்டையில் போடும் காபி. சர்க்கரை வேண்டாம் என்றால் 'கோசோங்' என்று சொல்ல வேண்டும். மலாய் மொழியில் காலி, ஒன்றுமில்லை என்று அர்த்தம். அமுச்சிக்கு அந்தச் சொல் பிடித்துப் போனது. அன்று முழுக்க, முடிந்துபோன எதைப் பார்த்தாலும் "கோசோங்" என்றார்.

அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது நடந்தது. ஒரு சீனப் பாட்டி, எப்படியும் எண்பதைத் தாண்டியிருப்பார், பேட்டரியில் ஓடும் சக்கர வண்டியில் தனியாக வந்தார். முன்கூடையில் கீரைக்கட்டு. கடைக்காரரோடு ஏதோ பேரம் பேசி, சண்டையே போட்டு, ஜெயித்து, வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். அமுச்சி அவர் போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அந்தம்மாளப் பாத்தா சீக்காளியாட்டத் தெரீலயே?"

நான் பதில் சொல்லவில்லை. "ஓட்டல்ல ஒரு வண்டி இருக்குதுன்னு சொன்னாங்கல்ல, இருக்குதான்னு கேளு" என்றார்.

திரும்பி வந்தபோது மணி பத்து. அம்மா அப்போதுதான் எழுந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். என் நினைவு தெரிந்து அம்மா பத்து மணிவரை தூங்கி நான் பார்த்ததில்லை. தானே கொஞ்சம் வெட்கப்பட்டு, "ஏன் எழுப்பல?" என்று கோபப்படப் பார்த்தார். "தூங்கட்டும்னுதான் பாப்பா" என்றார் அமுச்சி. 53 வயது அம்மா, அமுச்சிக்கு இன்னும் பாப்பாதான்.

எங்கே போவது என்பதை முடிவு செய்தது தமிழ். சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்று. லிட்டில் இந்தியா எம்.ஆர்.டி. நிலையத்தில் ஸ்டேஷன் பெயர்களைத் தமிழிலும் எழுதியிருக்கிறார்கள். ஐந்தாவது வரை படித்த அமுச்சி, வீல்சேரில் உட்கார்ந்தபடி ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிக்கொண்டு வந்தார். மூன்றாவது ஸ்டேஷன் 'பூ மலை'.

"பூமலையா? மருதமலையாட்டப் படி இருக்குமா?"

மலையும் இல்லை, படியும் இல்லை. தாவரவியல் பூங்காவுக்கு அங்குள்ள தமிழர்கள் வைத்த பெயர் அது. 1859-ல் தொடங்கிய தோட்டம். 2015-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. அதிகாலை ஐந்திலிருந்து நள்ளிரவு வரை திறந்திருக்கும். ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட். மற்றபடி இலவசம். மாமாவின் ஷீட்டில் இது இல்லவே இல்லை. லிஃப்டில் இறங்கி, ரயிலில் வீல்சேருக்கென்று விட்டிருக்கும் இடத்தில் நின்று, லிஃப்டில் ஏறினோம். ஹோட்டலில் இருந்து பூங்காவுக்குள் போகும்வரை ஒரு படிக்கட்டைக்கூட நாங்கள் தொடவில்லை.

பூமலை ஸ்டேஷனில் இறங்கியதும் அம்மா முதல் வேலையாக ஒரு பாட்டில் தண்ணீரை அமுச்சி கையில் கொடுத்து, "முழுசா குடி. போறதுக்கு எடம் நான் பாத்து வெச்சுட்டேன்" என்றார். மாற்றுத்திறனாளிகளுக்கான தனிக் கழிவறை. அகலமான கதவு, உள்ளே திரும்ப இடம், சுவரில் இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி. வீல்சேர் இருந்ததால்தான் எங்கள் கண்ணில் அந்தக் கதவே பட்டது. அமுச்சி உள்ளே போய்விட்டு வந்து கை கழுவினார். சாதாரணமாகத்தான் சொன்னார், "இந்தக் கம்பி நல்லா இருக்குது. நம்ம பொடக்காலில இப்படி ஒண்ணு இருந்திருந்தா அன்னைக்கு உழுந்திருக்க மாட்டேன்."

"என்னைக்கு?" என்றார் அம்மா.

அமுச்சி வாயை மூடிக்கொண்டார். ஆனால், சொல் வெளியே வந்துவிட்டது.

பூங்காவுக்குள் பெரிய மரங்களின் கீழே பாதை வளைந்து வளைந்து போனது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நான் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். பிறகு மழை. சிங்கப்பூர் மழை கேட்டுக்கொண்டு வருவதில்லை. ஒரு கூரைக்குக் கீழே ஒதுங்கினோம். அந்த அரை மணி நேரத்தில் அமுச்சி எல்லாவற்றையும் சொன்னார். போன சித்திரையில் தண்ணி வாக்கப் போனபோது வழுக்கி விழுந்திருக்கிறார். இடுப்பில் அடி. எழ முடியாமல் ஈரத்தரையிலேயே கிடந்திருக்கிறார். பால் ஊற்ற வந்தவர் குரல் கேட்டு உள்ளே வந்து தூக்கிவிட்டிருக்கிறார். அவரிடம் "என்ற புள்ளைங்ககிட்டச் சொல்லீராதீங்க" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். பத்து நாள் படுக்கை. அந்தப் பத்து நாளும் அம்மா போன் செய்தபோதெல்லாம், "சௌரியமா இருக்கறேன் பாப்பா, தட்டு அறுக்கோணும், வெக்கட்டுமா?" என்று பேசியிருக்கிறார்.

அம்மா அழுதார். அதைவிட, கோபப்பட்டார். "ஏம்மா சொல்லல? நான் என்ன மூணாவது மனுசியா?"

"சொன்னா தோட்டத்தப் பூட்டிப்போட்டு வாம்பீங்க. அந்த வீட்டுல இருந்து என்னைய எடுத்துட்டா அப்புறம் நான் என்ன பண்றது? ஒன்ற வீட்டு ஏழாவது மாடில நின்னு ரோட்டப் பாத்துட்டே உக்காந்திருக்கறதா?"

இரண்டு பேர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. நான் எதுவும் சொல்லாமல் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மழை குறைந்தபோது அமுச்சிதான் பேச்சை முடித்தார். "கம்பி போட்டுக் குடுங்க. தெனமும் ரெண்டு வேளை நானே போன் பண்றேன். பூட்டற பேச்சு மட்டும் எடுக்காதீங்க." அம்மா சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. முந்தானையால் அமுச்சியின் காலில் தெறித்திருந்த மழைத் தண்ணீரைத் துடைத்துவிட்டார்.

மழை விட்ட பிறகு அமுச்சி வேறு ஆளாகிவிட்டார். தோட்டக்காரர் கண்ணோடு அந்தப் பூங்காவைப் பார்க்கத் தொடங்கினார். மரத்துக்கு மரம் பெயர்ப்பலகை இருந்தது. நான் போனில் தேடித் தேடிச் சொன்னேன். ரப்பர் மரம் பற்றிச் சொன்னபோது வண்டியை நிறுத்தச் சொன்னார். 1877-ல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1888-ல் இந்தப் பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி என்ற வெள்ளைக்காரர், மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையை இங்கேதான் கண்டுபிடித்தார். அதன் பிறகு மலேயா முழுக்க ரப்பர் தோட்டங்கள் பரவின. அங்கே பால் வெட்டத்தான் தமிழ்நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கப்பலேற்றினார்கள். "எங்க பாட்டி காலத்துல மலேயாவுக்குப் போனவங்க வரவே இல்லைன்னு ஊருல சொல்லுவாங்க. இதுக்குத்தான் போனாங்களா?" என்றார் அமுச்சி. மரத்தின் படத்தைப் போனில் வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

சிங்கப்பூர் ஐந்து டாலர் நோட்டின் பின்பக்கம் இருக்கும் தெம்புசு மரமும் இதே பூங்காவில்தான் நிற்கிறது. பூங்காவின் அந்தக் கோடிக்கு நடக்க வேண்டும். எங்களுக்கு அவ்வளவு தூரம் போகத் தோன்றவில்லை. நோட்டிலேயே பார்த்துக்கொண்டோம்.

ஒரு ரிப்போர்ட்டராக எனக்கு அந்தக் கம்பி மண்டைக்குள்ளேயே இருந்தது. திரும்பி வந்து தேடினேன். சிங்கப்பூர்க் குடிமக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் 65 வயதைத் தொட்டவர் அல்லது தாண்டியவர். பெரும்பாலானோர் வசிப்பது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில். அந்த வீடுகளின் குளியலறையில் கைப்பிடிக் கம்பி வைக்கவும், தரை வழுக்காமல் செய்யவும், வாசலில் சாய்தளம் போடவும் 2012 முதல் அரசு மானியம் கொடுக்கிறது. 2009-ல் கொண்டுவந்த இன்னொரு ஏற்பாட்டில், முதியவர்கள் தங்கள் அட்டையைச் சிக்னல் கம்பத்தில் காட்டினால் ரோட்டைக் கடக்கக் கூடுதல் விநாடிகள் கிடைக்கும். அந்த அட்டை நம் மாதிரி சுற்றுலா போகிறவர்களுக்குக் கிடையாது. ஆனால், கம்பிக்கு மானியமெல்லாம் தேவையில்லை. ஊர் திரும்பிய மறுவாரமே அன்னூரில் ஒரு ஹார்டுவேர் கடையில் மூன்று கம்பி வாங்கி, மாமாவே டிரில்லிங் மெஷினோடு போய் மாட்டிவிட்டு வந்தார். ஒன்று கொஞ்சம் கோணல்.

நீங்களும் வீட்டுப் பெரியவர்களோடு சிங்கப்பூர் போவதாக இருந்தால் இரண்டு விஷயம். போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டிய வருகை அட்டைக்கு அரசு இணையதளத்தில் கட்டணமே இல்லை. பணம் கேட்டால் அது வேறு ஏதோ தளம். வீல்சேரை ஹோட்டல் புக் செய்யும்போதே கேட்டு வையுங்கள். உட்காரச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். சும்மா மடித்து ஓரமாக வைத்திருங்கள்.

அன்று மாலை ஆறரைக்கு அறைக்கு வந்தோம். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. அம்மாவும் அமுச்சியும் ஒரே கட்டிலில் படுத்து, யாரோ ஒரு சொந்தக்காரர் வீட்டுச் சீர்வரிசையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். காலையில் வாங்கிய தமிழ் முரசை அமுச்சி எழுத்துக்கூட்டிப் படித்தார். 1935-ல் தொடங்கிய பேப்பர் என்று நான் சொன்னதும், "என்னையவிட மூப்பு" என்றார்.

இரவு ஒன்பதரைக்கு யுனிவர்சல் கோஷ்டி வந்து சேர்ந்தது. அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுந்தார். அம்மா மாமாவை வராண்டாவுக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். மாமாவின் சின்னப் பையன் நேராக ஓடிவந்து அமுச்சியின் மடியில் ஏறினான்.

"அப்பத்தா, நான் ஏழு ரைடு போனேன்! நீங்க எத்தனை?"

"நான் ஒண்ணே ஒண்ணுதான் சாமி. காலைல ஏறுனவ, இப்பத்தான் எறங்குனேன்." மூலையில் மடித்து வைத்திருந்த வண்டியைக் காட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "கண்ணு, அந்தத் தண்ணிப் பாட்டல எடு. இது கோசோங்" என்றார்.